ஹெலிகாப்டர் வருவதற்கு முன்னால் போகும் நேரம்



மெர்சிங் படகுத்துறைக்குப் போய்வந்தவர்களுக்கு ஓர் அனுபவம் பொதுவானது. தியோமானுக்கு டிக்கெட் எடுத்தாகிவிட்டது, பைகளையும் பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு வரிசையில் நின்றாகிவிட்டது, ஆனால் படகு புறப்படவில்லை. கேட்டால், 'தண்ணீர் ஏறட்டும்' என்று பதில் வரும். மெர்சிங் ஆற்றின் முகத்துவாரம் ஆழம் குறைந்தது. கடல் வற்றியிருக்கும் நேரத்தில் பெரிய படகுகள் உள்ளே வரவும் முடியாது, வெளியே போகவும் முடியாது. அதனால் இன்றைய படகு நேரம் நாளைக்கு இருக்காது.

விடுமுறைக்குப் போகிறவர்களுக்கு இது ஒரு சிறிய எரிச்சல். இன்னொரு கோப்பை காப்பி குடித்தால் தீர்ந்துவிடும். ஆனால் அதே கடலுக்கு அந்தப் பக்கம், தீவில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஐம்பத்தைந்து வயது மனிதருக்கு, அல்லது பிரசவத்துக்குப் பிறகு இரத்தம் நிற்காமல் படுத்திருக்கும் பெண்ணுக்கு, அந்தத் தண்ணீர் ஏறும் நேரம் வேறு கணக்கு.

மெர்சிங்குக்கு எதிரே தியோமான், பெமாங்கில், அவுர், திங்கி, பெசார், ராவா, சிபு என்று தீவுகள் சிதறிக் கிடக்கின்றன. தியோமானுக்குப் படகில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். அவுர் அதைவிடத் தொலைவு, 65 கிலோமீட்டருக்கும் அப்பால் திறந்த கடலில் இருக்கிறது. இவற்றில் எதிலும் மருத்துவமனை கிடையாது. தியோமானில், தெக்கெக் கிராமத்தில் அரசாங்க சுகாதாரக் கிளினிக் உண்டு. தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களுக்கு 'டிரசர்' என்ற சொல் மறந்திருக்காது. டாக்டர் இல்லாத இடத்தில் காய்ச்சலுக்கும் வெட்டுக்காயத்துக்கும் நள்ளிரவுப் பிரசவத்துக்கும் அவர் ஒருவரே துணையாக இருந்தார். தீவுகளில் மருத்துவ உதவியாளரும் தாதியும் சுமக்கிற பாரம் ஏறக்குறைய அதுதான். தோட்டத்து டிரசருக்கு லாரியாவது இருந்தது.

கரைக்கு வந்து சேர்ந்தாலும் பயணம் முடிந்துவிடுவதில்லை. மெர்சிங் மருத்துவமனை ஒரு மாவட்ட மருத்துவமனை. மாரடைப்பு வந்தவருக்கு இரத்தக்குழாய் அடைப்பை நீக்கும் சிகிச்சை வேண்டுமென்றால் ஜொகூர் பாரு சுல்தானா அமினா மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஜெமாலுவாங், கோத்தா திங்கி வழியாக ஏறக்குறைய 130 கிலோமீட்டர் சாலை. படகுக்கு இரண்டு மணி நேரம், சாலைக்கு இரண்டு மணி நேரம், இடையில் கடல் ஏறுவதற்குக் காத்திருக்கும் நேரம். மாரடைப்பில் அடைப்பை இரண்டு மணி நேரத்துக்குள் திறக்க வேண்டும் என்கிறது மருத்துவம். பக்கவாதத்துக்குக் கட்டியைக் கரைக்கும் ஊசி நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். பிரசவ இரத்தப்போக்கு அவ்வளவு நேரமும் தராது.

இதற்கெல்லாம் விடை ஹெலிகாப்டர் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். ஜொகூர் பாருவிலிருந்து தியோமானுக்கு நேர்க்கோட்டில் 150 கிலோமீட்டர் அளவில்தான் இருக்கும். ஹெலிகாப்டருக்கு முக்கால் மணி நேரப் பறப்பு. மெர்சிங்கிலிருந்து என்றால் இருபது நிமிடம். அப்படியானால் சிக்கல் எங்கே இருக்கிறது?

சிக்கல் வானத்தில் இல்லை என்பதுதான் இந்த உரையின் செய்தி. நேரம் தொலைவது தரையில், அதுவும் விசிறி சுற்றத் தொடங்குவதற்கு முன்னால்.

தந்தியில் நடந்த அறுவை

1917ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவின் வடமேற்கில் ஹால்ஸ் கிரீக் என்ற ஊரில் நடந்ததை இங்கே சொல்ல வேண்டும். ஜிம்மி டார்சி என்ற மாட்டுப்பண்ணைத் தொழிலாளி குதிரையிலிருந்து விழுந்து உள்காயம் பட்டார். பக்கத்தில் டாக்டர் இல்லை. டாக்டர் இருந்தது இரண்டாயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ள பெர்த் நகரில். அங்கிருந்து அவர் தந்தியில் ஒவ்வொரு வரியாகச் சொல்லச் சொல்ல, ஹால்ஸ் கிரீக் அஞ்சல் அதிகாரி பேனாக்கத்தியால் அறுவை செய்தார். மயக்க மருந்து இல்லை. அறுவை பலித்தது. டாக்டர் கப்பலிலும் காரிலும் குதிரையிலும் நாள்கணக்கில் பயணம் செய்து வந்து சேர்ந்தார். டார்சி அதற்கு முந்தைய நாள் இறந்துவிட்டிருந்தார், அறுவையால் அல்ல, மலேரியாவால்.

இந்தச் செய்தி ஆஸ்திரேலியாவை உலுக்கியது. ஜான் ஃபிளின் என்ற பாதிரியார் பத்து ஆண்டுக்கு மேல் அலைந்து பணம் திரட்டி, 1928 மே மாதம் குயின்ஸ்லாந்தின் குளோன்கரி ஊரிலிருந்து பறக்கும் மருத்துவச் சேவையைத் தொடங்கினார். ஆனால் விமானம் வந்த பிறகும் ஒரு குறை இருந்தது. தொலைவில் ஒதுங்கிக் கிடக்கும் பண்ணைவீட்டில் ஒருவருக்கு நோய் என்பதை டாக்டருக்கு எப்படித் தெரிவிப்பது? தந்திக் கம்பி இல்லை, மின்சாரமும் இல்லை. அடுத்த ஆண்டே ஆல்ஃபிரட் டிரேகர் என்ற பொறியாளர் காலால் மிதித்து இயக்கும் வானொலிக் கருவியைச் செய்து கொடுத்தார். விமானத்துக்குப் புகழ் போனது. உண்மையில் அந்தச் சேவையை ஓட வைத்தது சைக்கிள் போல மிதிக்கும் அந்தப் பெட்டி.

தீவுகளுக்கு வானூர்தி உதவிய முதல் கதைகளில் ஒன்று ஸ்காட்லாந்தைச் சேர்ந்தது. 1933 மே 14ஆம் தேதி ஐலே தீவில் வயிற்றில் ஓட்டை விழுந்து உயிருக்குப் போராடிய ஒரு மீனவரை, கடற்கரை மணலில் இறங்கிய சிறு விமானம் ஏற்றிக்கொண்டு கிளாஸ்கோவுக்குக் கொண்டு சேர்த்தது. அவர் பிழைத்தார். விமான நிலையம் இல்லை, அலை வற்றிய மணலே ஓடுபாதை. மெர்சிங்கில் படகை நிறுத்திவைக்கும் அதே வற்றல் அங்கே விமானத்துக்கு வழிவிட்டது.

நம் நாட்டில் இந்த யோசனை புதிதல்ல. சரவாக்கில் பறக்கும் மருத்துவர் சேவை 1973இல் தொடங்கியது. ஆற்றையும் காட்டையும் தாண்டி உட்புற நீண்டவீடுகளுக்கு டாக்டரும் தாதியும் ஹெலிகாப்டரில் போய்ப் பார்த்துவிட்டு வருவார்கள். உயிருக்கு ஆபத்தான நிலையில் இருப்பவரைக் கொண்டுவருவதும் அங்கே பழகிப்போன வேலை. தீபகற்பத்தின் நிலை வேறு. இங்கே பெரும்பாலும் தீயணைப்பு மீட்புத் துறை, போலீஸ், விமானப்படை, கடல்சார் அமலாக்க நிறுவனம் ஆகியவற்றின் ஹெலிகாப்டர்களைத்தான் நோயாளிக்காகக் கேட்டுப் பெற வேண்டியிருக்கிறது. அவர்களுக்குக் காட்டுத்தீ உண்டு, வெள்ளம் உண்டு, கடலில் காணாமல் போனவர்கள் உண்டு. அந்த வேலைகளுக்கு நடுவில் வருவதுதான் தீவு நோயாளியின் அழைப்பு. இதைக் குறையாகச் சொல்லவில்லை. அவர்கள் வந்து காப்பாற்றிய உயிர்கள் நிறைய. ஆனால் இரவல் வாங்கும் பொருளுக்கு எப்போதும் இன்னொருவரின் சம்மதம் வேண்டியிருக்கிறது.

யார் முடிவெடுப்பது?

நோயாளிக்கு நெஞ்சுவலி தொடங்குகிறது. வாயுவாக இருக்கும் என்று ஒரு மணி நேரம் போகிறது. இது எல்லா வீட்டிலும் நடப்பது, தீவில் மட்டும் அல்ல. பிறகு கிளினிக்குக்கு வருகிறார். மருத்துவ உதவியாளர் பார்த்துவிட்டுக் கரையில் உள்ள டாக்டரைக் கூப்பிடுகிறார். அந்த டாக்டர் பெரிய மருத்துவமனை நிபுணரைக் கேட்கிறார். நிபுணர் சரி என்றால் ஹெலிகாப்டர் உள்ள துறையைக் கேட்க வேண்டும். அந்தத் துறை தன் விமானியைக் கேட்க வேண்டும். விமானி வானிலையைப் பார்க்க வேண்டும். இதற்கிடையே இன்னொரு சிக்கலும் உண்டு. தியோமான் பகாங் மாநிலத்தின் ரொம்பின் மாவட்டத்தைச் சேர்ந்தது, மெர்சிங் ஜொகூரைச் சேர்ந்தது. கடலில் கோடு ஏதும் தெரிவதில்லை. கோப்பில் தெரியும்.

இந்தச் சங்கிலியில் ஒவ்வொருவரும் தம் கடமையைச் சரியாகவே செய்யலாம். ஒவ்வொரு கண்ணிக்கும் பதினைந்து நிமிடம் என்று வைத்துக்கொண்டாலும், இருபது நிமிடப் பறப்புக்கு முன்னால் ஒன்றரை மணி நேரம் போய்விடும்.

முடிவெடுக்கும் அதிகாரம் எங்கே இருக்கிறது என்பது எவ்வளவு பெரிய கேள்வி என்பதை லட்சத்தீவு மக்கள் 2021இல் கண்டார்கள். கேரளக் கரைக்கு அப்பால் அரபிக்கடலில் உள்ள அந்தத் தீவுகளிலிருந்து கடுமையான நோயாளிகளை ஹெலிகாப்டரில் கொச்சிக்குக் கொண்டுபோவது பல ஆண்டு வழக்கம். தீவில் உள்ள மருத்துவ அதிகாரி எழுதிக் கொடுப்பதே முக்கியமாக இருந்தது. 2021 மே மாதத்தில் நிர்வாகம், நான்கு பேர் கொண்ட குழு ஒப்புதல் தர வேண்டும் என்று உத்தரவு போட்டது. மக்கள் கொதித்தார்கள், விவகாரம் கேரள உயர்நீதிமன்றம் வரை போனது. பணம் வீணாகக் கூடாது என்று ஒரு நிர்வாகம் நினைப்பதில் தவறில்லை. ஹெலிகாப்டர் பறப்பது மலிவான காரியமும் அல்ல. ஆனால் நோயாளியைத் தொட்டுப் பார்த்தவர் ஒருவர், கையெழுத்துப் போட வேண்டியவர்கள் நால்வர் என்றால், அந்த நால்வரும் தொலைபேசியில் கிடைக்கும் வரை இரத்தப்போக்கு காத்திருக்குமா?

நோயாளியைப் பார்க்கும் மருத்துவ உதவியாளரே அழைப்பைத் தொடங்கிவிட வேண்டும். நிபுணர் கருத்து, வானிலை, துறைகளின் சம்மதம் எல்லாம் அதே நேரத்தில் பக்கம் பக்கமாக நடக்கட்டும். தேவையில்லை என்று தெரிந்தால் ஹெலிகாப்டரைப் பாதி வழியில் திருப்பிவிடலாம். போன நேரத்தைத் திருப்ப முடியாது. இன்று ஈசிஜி தாளைப் படம் பிடித்து வாட்ஸ்ஆப்பில் அனுப்பினால் இதய நிபுணர் ஒரு நிமிடத்தில் பார்த்துவிடுகிறார். ஹால்ஸ் கிரீக் அஞ்சல் அதிகாரிக்கு இருந்த வசதியைவிட இது எத்தனையோ மடங்கு மேல்.

இங்கே இன்னொன்றையும் மறக்கக் கூடாது. எந்த நாளில் படகு போக முடியாதோ, பெரும்பாலும் அந்த நாளில்தான் ஹெலிகாப்டரும் போக முடியாது. நவம்பர் முதல் பிப்ரவரி வரை வடகிழக்குப் பருவக்காற்று அடிக்கும்போது அலை உயர்கிறது, மேகம் தாழ்ந்து கடலோடு ஒட்டிக்கொள்கிறது. உல்லாச விடுதிகள் பல மூடிவிடுகின்றன. கிராமத்தவர்கள் அங்கேயேதான் இருக்கிறார்கள். இரவில் இன்னும் மோசம். விளக்கே இல்லாத கடலின்மேல் பறக்கும் விமானிக்கு வானம் எது, தண்ணீர் எது என்று கண்ணால் பிரித்தறிய முடியாது. கருவியை மட்டும் நம்பிப் பறக்க வேண்டும். தெக்கெக்கில் சிறிய விமான ஓடுபாதை உண்டுதான். ஒரு கிலோமீட்டர் நீளம்கூட இல்லாத அதன் ஒரு முனையில் மலை நிற்கிறது. பயணிகள் விமானம் வந்துபோன ஆண்டுகளும் உண்டு, வராத ஆண்டுகளும் உண்டு.

அதனால் தீவு மக்களுக்கு மிகச் சிறந்த மருத்துவப் பயணம் என்பது, வானிலை கெடுவதற்கு முந்தைய நாளே, சாதாரணப் படகில், நோயாளி தம் காலால் நடந்து ஏறிப் போவதுதான். கர்ப்பிணிகள் விஷயத்தில் நம் சுகாதார அமைச்சு இதை ஏற்கெனவே செய்து வருகிறது. பரிசோதனை அட்டையில் வெள்ளை, பச்சை, மஞ்சள், சிவப்பு என்று ஆபத்தின் அளவுக்கேற்ப நிறம் குறிக்கும் முறையைத் தாய்மார்கள் அறிவார்கள். சிவப்பு என்றால் உடனே மருத்துவமனை. தீவில் இருக்கும் பெண்ணுக்கு மஞ்சள் வந்தாலே கரையில் உள்ள உறவினர் வீட்டைப் பற்றி யோசிக்கத் தொடங்குவது நல்லது. வீட்டை விட்டு, மூத்த பிள்ளைகளை விட்டு, வாரக்கணக்கில் கரையில் காத்திருப்பது எளிதல்ல. அந்தக் காத்திருப்புக்கு இடமும் சாப்பாடும் கொடுத்தால், ஒரு ஹெலிகாப்டர் பயணத்துக்கு ஆகும் செலவில் பல தாய்மார்களைத் தங்கவைக்கலாம்.

அடுத்தது கிளினிக்கின் மருந்து அலமாரி. டிரானெக்ஸாமிக் அமிலம் என்ற மருந்து இரத்தப்போக்கை மட்டுப்படுத்தும். 21 நாடுகளில் 20,000 பெண்களுக்கு மேல் சேர்த்து நடத்திய பெரிய ஆய்வின் முடிவு 2017இல் வந்தது. பிரசவமான மூன்று மணி நேரத்துக்குள் அதை ஊசியாகப் போட்டால், இரத்தப்போக்கால் நேரும் சாவு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. விலை உயர்ந்ததல்ல, குளிர்பெட்டியும் வேண்டாம். மாரடைப்புக்கு இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியும் இப்படித்தான்: பயிற்சி பெற்றவர் கையில், தொலைபேசியின் மறுமுனையில் நிபுணர் இருந்தால், நூறு கிலோமீட்டர் பயணத்துக்கு முன்பே சிகிச்சை தொடங்கிவிடும். ஹெலிகாப்டருக்குள் அதிகம் செய்ய முடியாது என்பதைப் பலர் அறியமாட்டார்கள். இரைச்சலில் ஸ்டெதஸ்கோப் உதவாது. நெஞ்சை அழுத்தி உயிர்ப்பிக்கக் கை நீட்டும் இடம்கூட இருக்காது. ஏற்றுவதற்கு முன் நோயாளியை நிலைப்படுத்துவதுதான் பாதி வேலை.

யாழ்ப்பாணத்துத் தொடர்புள்ள குடும்பங்களுக்கு நெடுந்தீவைப் பற்றித் தெரியும். குறிகட்டுவான் துறையிலிருந்து ஒரு மணி நேரக் கடல். இரவில் நோய் முற்றினால் கடற்படைப் படகும், சில வேளை விமானப்படை ஹெலிகாப்டரும்தான் கதி. அங்கும் மக்கள் முதலில் கேட்பது ஹெலிகாப்டரை அல்ல. நிரந்தரமாகத் தங்கும் டாக்டரையும், எந்நேரமும் புறப்படத் தயாராக நிற்கும் ஒரு நல்ல படகையும்தான்.

முக்குளிப்பவர்கள்

மெர்சிங் தீவுகளுக்கே உரிய இன்னொரு சங்கதி முக்குளிப்பு. ஆழத்திலிருந்து வேகமாக மேலே வருபவரின் இரத்தத்தில் நைட்ரஜன் குமிழி குமிழியாகப் பிரிந்து மூட்டையும் தண்டுவடத்தையும் தாக்கும். இதற்கு மருந்து அழுத்த அறையில் வைத்து ஆக்ஸிஜன் கொடுப்பது. ஹெலிகாப்டர் உயரப் பறந்தால் காற்றழுத்தம் குறைந்து குமிழி பெரிதாகும். ஆகவே இத்தகைய நோயாளியை 300 மீட்டருக்கு மேல் தூக்கக் கூடாது என்பது விதி. நம் நாட்டில் பல ஆண்டுகளாகப் பேர்பெற்ற அழுத்த அறை இருப்பது லூமுட் கடற்படைத் தளத்தில், பேராக்கில், மேற்குக் கரையில். மெர்சிங்கிலிருந்து நேராக 400 கிலோமீட்டர். நடுவே தித்திவாங்சா மலைத்தொடர், அதன் சிகரங்கள் 2,000 மீட்டரைத் தாண்டும். 300 மீட்டரில் பறக்க வேண்டிய நோயாளி அந்த மலையை எப்படித் தாண்டுவார்? தெற்கே சுற்றிக்கொண்டு போக வேண்டும். சிங்கப்பூர் 130 கிலோமீட்டர்தான், ஆனால் இடையில் ஓர் எல்லை இருக்கிறது. இதையெல்லாம் நோயாளி துடிக்கும்போது வரைபடத்தை விரித்து யோசித்துக்கொண்டிருக்க முடியாது. கிழக்குக் கரையில் ஆயிரக்கணக்கானோர் முக்குளிக்கும்போது, அந்தக் கரைக்கு எளிதில் எட்டும் ஓர் அழுத்த அறை ஆடம்பரம் அல்ல.

2022 ஏப்ரல் 6ஆம் தேதி மெர்சிங் கடலில் டோக்கோங் சங்கோல் அருகே முக்குளித்த நான்கு வெளிநாட்டவர் காணாமல் போனார்கள். ஹெலிகாப்டர்களும் கப்பல்களும் தேடின. பயிற்சியாளர் மறுநாள் கிடைத்தார். மற்ற இருவரை இரண்டரை நாளுக்குப் பிறகு தெற்கே வெகுதூரத்தில் மீனவர்கள் கண்டெடுத்தார்கள். பதினான்கு வயதுச் சிறுவன் பிழைக்கவில்லை. வானத்திலிருந்து பார்த்தால் கடலில் ஒரு மனிதத் தலை தேங்காயைவிடப் பெரிதாகத் தெரியாது. எங்கே தேடுவது என்று தெரியாதவரை இயந்திரத்தின் வேகத்தால் பயன் குறைவு.

தீவுக்குப் போகிறவர்களுக்கும் அங்கே வாழ்கிறவர்களுக்கும் ஹெலிகாப்டர் இறங்குவதைப் பற்றிச் சில வார்த்தைகள். பள்ளித் திடலோ பந்து விளையாடும் இடமோ, முப்பது மீட்டருக்கு முப்பது மீட்டராவது வெறுமையாக இருக்க வேண்டும். மரக்கிளையும் மின்கம்பியும் கூடாது. விசிறிக் காற்றில் தகரம், தார்ப்பாய், பிளாஸ்டிக் நாற்காலி எல்லாம் பறக்கும். உலர்ந்த மணலில் இறங்கினால் புழுதி விமானியின் கண்ணை மறைக்கும். பின்பக்கம் சுற்றும் சிறு விசிறி கண்ணுக்கே தெரியாது, அந்தப் பக்கம் யாரும் போகக் கூடாது. முன்பக்கமாக, விமானி கையசைத்த பிறகு, குனிந்து போக வேண்டும். கைபேசியில் படம் எடுக்க ஓடுகிறவர்களை ஊர்ப் பெரியவர் ஒருவர் கயிறு கட்டியாவது நிறுத்த வேண்டும்.

வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரைகளை இரண்டு நாளுக்குக் கூடுதலாகவே எடுத்துப் போங்கள், தண்ணீர் ஏறாமல் படகு தவறலாம். முக்குளித்தால் விமானம் ஏறுவதற்கு முன் ஒரு முழு நாள் விடுங்கள். காப்புறுதி எடுப்பவர்கள், அவசர வானூர்தி செலவும் அதில் அடங்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். 999ஐ அழைக்கும்போது 'தியோமான்' என்று மட்டும் சொன்னால் போதாது. அந்தத் தீவில் கிராமத்துக்குக் கிராமம் மலையும் கடலும் குறுக்கே நிற்கின்றன. ஜுவாரா கிழக்கே திறந்த கடலைப் பார்த்துக் கிடக்கிறது, தெக்கெக் மேற்கே இருக்கிறது. தெக்கெக்கா, சலாங்கா, கெந்திங்கா, முக்குட்டா, ஜுவாராவா என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள்.